இருநூற்றுப் பன்னிரண்டு இரவுகள்

கீல் துறைமுகத்தில் இரண்டு வரிசை.
நீண்டதில் குழந்தைகள் பெட்டிமேல் உட்கார்ந்து அழுகின்றன.
குட்டையானதில் சிவப்புக் கம்பளம்,
தட்டில் ஆரஞ்சுச் சாறு,
வீப்கே,
அவளுக்குப் பின்னால் அரையடி தள்ளி கெசினே.

தங்க அட்டை வீப்கேயுடையது.
அதற்கு முன்பு ஹென்னிங்குடையது.
பிப்ரவரியில் அவன் போனான்.
மார்ச்சில் கப்பல் கம்பெனி கடிதம் போட்டது:
ஆழ்ந்த அனுதாபங்கள்.
தங்கள் கணவரின் இரவுகள்
தங்கள் பெயருக்கு மாற்றப்பட்டுள்ளன.
மொத்தம் 212.

ஃப்ளென்ஸ்புர்க் சமையலறையில்
மின்கட்டண உறையின் முதுகில் கணக்குப் போட்டாள்.
அவனோடு நான் கடலில் தூங்கியது எழுபத்தொன்று.
மீதி நூற்று நாற்பத்தொன்று?

மீதியைத் தூங்கியவள்
(தூங்கினாளோ, வாளியை மடியில் வைத்து
விடிய விடிய விழித்திருந்தாளோ)
ஹூசும் ஊரில் இருக்கிறாள்,
பல் மருத்துவரிடம் கணக்கெழுதி ஓய்ந்தவள்.
பத்தொன்பது வருடத்தில் இருவரும் பேசிக்கொண்டது
சவப்பெட்டி அருகே ஒரே வாக்கியம்:
"காலர் மடங்கியிருக்கு."

வீப்கே போன் செய்தாள்.
"கூட வர்றவங்களுக்கும் எல்லாச் சலுகையும் உண்டாம்.
ஒரே அறையில தங்கணும், அவ்வளவுதான்."
அந்தப் பக்கம் ஒரு டிராக்டர் கடந்து போகும் சத்தம்.
பிறகு,
"ஜன்னல் இருக்கா?"
"பால்கனியே இருக்கு."

கவுண்டரில் நகம் பூசிய பெண் கேட்டாள்: உறவு?
திரையில் நாலு கட்டம்.
துணைவர், சகோதரி, தோழி, மற்றவை.
எத்தனை பெட்டிகளைக் கோத்தாலும்
ஜெர்மன் மொழியின் ரயில் இங்கே வந்து நிற்காது.
என்னிடம் தமிழில் ஒரு சொல் இருக்கிறது, சக்களத்தி.
எடுத்தால் கையைக் கிழிக்கும்.
அதை இவர்களுக்கு நீட்ட மனமில்லை.
"மற்றவை" என்றாள் கெசினே, கண்ணாடியைத் துடைத்தபடி.

மாலைக்கு ஆளுக்கு இரண்டு கோப்பை வைன் இலவசம்.
கெசினேவுக்கு நெஞ்செரிச்சல்;
நாலையும் வீப்கே குடித்தாள், முதல் நாள் மட்டும்.
தலையணையில் ஒற்றைச் சாக்லேட்,
கட்டிலுக்கொன்று;
இரண்டு கட்டிலுக்கும் நடுவே
ஒரு செருப்பு வைக்கும் இடம்.

சலவை இலவசம், அறைக்கு ஒரு பை.
ஒரே பை.
பிதுங்கப் பிதுங்கத் திணித்தார்கள்.
சாயங்காலம் ரொமேல் எல்லாவற்றையும் சேர்த்தே மடித்துக் கொண்டுவந்தான்.
கட்டிலில் கொட்டிப் பிரித்தார்கள்:
இது உன்னுது. இது என்னுது. இதுவும் உன்னுது.
கடைசியில் சாம்பல் நிற ஸ்வெட்டர் ஒன்று,
ஆண் அளவு.
கொண்டுவந்தவள் வீப்கே.
முழங்கைத் தையல் கெசினே போட்டது,
அவசரத்தில், பச்சை நூலில்.
இருவரும் எடுக்கவில்லை.
சோபாவிலேயே கிடந்தது கெய்ராங்கர் வரை.
அங்கே பனி உருகிப் பாறையில் வெள்ளைக் கோடாய் இறங்க,
பால்கனிக்கு யார் போனாலும்
அதை மாட்டிக்கொண்டு போனார்கள்.

ஐந்தாம் இரவு, விளக்கணைத்த பிறகு:
"உங்கிட்டயும் தூக்கத்துல பேசுவானா?"
"நம்பர் சொல்வான்."
"எத்தனை வரைக்கும்?"
"நாப்பத்தி ரெண்டு. அங்கயே நின்னுடுவான்."
கெசினே நெடுநேரம் பதில் சொல்லவில்லை.
"எங்கிட்ட நாப்பத்தொன்னு வரைக்கும் வந்தான்."
சிரித்த சிரிப்பில்
பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டினார்.
அப்புறம் போர்வைக்குள் சிரித்தார்கள்.

கடைசிக் காலை, கதவுக்கடியில் இரண்டு உறை.
வீப்கேவுக்கு: 219.
அடுத்த படிக்கு இன்னும் எண்பத்தொன்றே இரவுகள்!
கெசினேவுக்கு நீல அட்டை, ஆக அடிமட்டத்தது.
புதிய உறுப்பினரே, முதல் பயணத்துக்கு வாழ்த்து.
இரவுகள்: 7.

"கீழ போய்க் கேட்போமா," என்றாள் வீப்கே,
"அந்த நூத்தி நாப்பத்தொன்னை?"

"வேண்டாம். அதுல பாதி வாந்தி."

நீல அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து,
தன் பெயரில் எழுத்துப்பிழை இல்லை என்று உறுதி செய்து,
நூலக அட்டைக்கும் ரத்ததான அட்டைக்கும் நடுவில்
செருகிக்கொண்டாள்.