மூடாத பெட்டி

செம்மண்டலம் சிக்னலில் லோடு ஆட்டோ நின்றபோதுதான் பார்த்தேன்,
கடைசிப் பெட்டி மூடவில்லை.
மூடிமேல் நான் ஏறி உட்கார்ந்தும் மூடவில்லை.
சங்கரா மூணு கூடை, கிழங்கான் ரெண்டு,
தினமும் அதே பெட்டிகள், அதே மூணு பார் ஐஸ்.
இன்றைக்கு மட்டும் என்ன கொழுப்பு இதற்கு?

இடுப்பிலிருந்து சீட்டைப் பிரித்தேன்.
ஈரத்தில் தேதி கரைந்திருந்தது. மூணு கரையவில்லை.
நான் ஏலத்தில் நின்ற நேரம்
மிஷினுக்குள் போனது நாலு.
தள்ளியது பிபின்.
ஒடிசாப் பையன், வந்து ரெண்டு மாசம்,
மனசுக்குள் அவன் பாஷையில் எண்ணி
வாயால் நம் பாஷையில் சொல்லுகிறவன்.
நடுவில் ஒன்று வழுக்கியிருக்கும்.
ஐஸ்தானே.

நெல்லிக்குப்பம் சேர்வதற்குள்
நூற்று அறுபது ரூபாய்
சொட்டுச் சொட்டாக ரோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தது.
ஜவுளிக்கடைக்காரன் ஒரு ஜாக்கெட் துணி கூடுதலாய்க் கட்டிவிட்டால்
மடித்து எடுத்துப் போய்க் கொடுக்கலாம்.
இது, நான் யோசித்து முடிப்பதற்குள் தண்ணீர்.
மீன் என்னவோ மதியம் வரை கண் தெளிந்து கிடந்தது.
"இப்பதான் பிடிச்சதாக்கா?" என்றாள்
ஆலைக் குடியிருப்பு டீச்சர்.
ஆமாம் என்றேன்.
பத்து ரூபாய் கூடச் சொன்னேன். கொடுத்தாள்.

ராத்திரி தூக்கம் வரவில்லை என்று சொன்னால் பொய்.
நன்றாகத் தூங்கினேன்.

விடிகாலை மூன்றரைக்கு
முதுநகர் ஐஸ் கம்பெனிப் படி ஏறும்போதுதான்
ஞாபகம் வந்தது,
போன ஐப்பசியில் ஒரு பார் குறைந்ததற்கு
இதே படியில் நின்று நான் கத்திய கத்து.
ஏலம் கூவுகிறவர்கள் கூவலை நிறுத்திப் பார்த்தார்கள்.
விளங்குவீங்களா என்றேன்.
வாரித் தூற்ற மண் கிடைக்காமல்
மீன் செதிலை வாரித் தூற்றினேன்.
கணக்குப்பிள்ளை தெய்வசிகாமணி சட்டையில் ஒட்டி
அது பாட்டுக்கு மினுங்கியது.

அந்தத் தொண்டை எனக்கு வேண்டும்.
இன்னொரு நாள் ஒரு பார் குறையும், குறையாமல் இருக்காது.
நூற்று அறுபது ரூபாய்க்கு அதை விற்க முடியாது.

சொன்னேன்.
தெய்வசிகாமணி நோட்டைப் புரட்டினார். மூணுதான் என்றார்.
"விடும்மா, வெறும் தண்ணி."
"தண்ணின்னா தெனமும் எதுக்குக் காசு வாங்குற?"

மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.
கழற்றினால் யாரையோ கூப்பிடப் போகிறார் என்று அர்த்தம்.
"நேத்து யாரு தள்ளினது?"
சறுக்குப் பலகைக்கு அந்தப் பக்கம்
தலையில் சாக்கோடு பிபின்.
நூற்று அறுபது என்பது அவனுக்கு ரெண்டு நாள் சோறு.
தமிழ் அவ்வளவாய் வராது.
"யாரு" மட்டும் புரிந்துவிட்டது.

"அவன் சரியாத்தான் தள்ளினான்.
நான் நாலு கேட்டேன் அவன்கிட்ட.
உங்ககிட்ட மூணுன்னு சொல்லிட்டேன்."

உண்மையைக் கட்டிவிட்டுப் போக வந்தவள்
சில்லறையோடு ஒரு பொய்யையும் சேர்த்து எண்ணி வைத்தேன்.
எடுத்துக்கொண்டார்.
மூணை அடித்து நாலு எழுதினார்.
"அப்ப ஏமாத்தினது நீதான்" என்றார், சிரிக்காமல்.
ஆமாம் என்றேன்.

பிபின் இன்றைக்குச் சத்தமாக எண்ணினான், தமிழில்.
ஒண்ணு.
ரெண்டு.
மூணு.
நிறுத்தி என் முகத்தைப் பார்த்தான்.
மிஷின் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது.

பெட்டி மூடியது.
அந்த டீச்சருக்குப் பத்து ரூபாயை
என்னவென்று சொல்லிக் கொடுப்பது என்று
கெடிலம் பாலம் வரைக்கும் யோசித்தேன்.
பாலத்துக்கு அப்புறம் யோசிக்கவில்லை.