பதினான்குக்கும் பதினைந்துக்கும் நடுவே

ஜப்பானின் உள்கடல் ஒன்றில்
மூன்று மலைகளை உடைத்துக் கொட்டிய தீவு இது.
மேலே விமானங்கள் இறங்குகின்றன.
விமானங்களோடு தீவும்.

அடியில் என்ன இருக்கிறது என்று கேட்டால்
சிகூசா ஒரு பெட்டியைத் திறப்பாள்:
ஈரம் போகாமல் சுற்றிவைத்த
சாம்பல் நிறக் களிமண், கை நீளத் துண்டுகள்.
ஒன்றில் உடையாத சிப்பி,
மனிதர் யாருமில்லாத ஒரு மதியத்தில்
வாய் மூடியது.

பதினான்காம் துளையில், நூற்றிருபது மீட்டரில், மணல்.
இரண்டு முழம் கனம்.
பதினைந்தாம் துளையிலும் மணல், அதே ஆழம்.
நடுவே நானூறு மீட்டர்
யாரும் தோண்டாதது.
முன்பு யாரோ அங்கே ஒரு கோடு போட்டிருந்தார்கள்,
ஸ்கேல் வைத்து, நேராக.

மாடல் அதை நம்பியது.
மணல் வழியே தண்ணீர் வெளியேறும், களிமண் இறுகும்,
முப்பதாம் வருடம் எல்லாம் அடங்கும் என்று
கல்யாணப் பத்திரிகைபோல் தேதி குறித்தது.

இந்த வருடம்
கணித்ததைவிடக் குறைவாகவே இறங்கியிருக்கிறது.
மேலாளர் டோகாஷிக்கு மகிழ்ச்சி.
எல்லோருக்கும் பேரிக்காய் வெட்டிக் கொடுத்தார்.
சிகூசாவுக்குத்தான்
பேரிக்காய் தொண்டையில் இறங்கவில்லை.

நீரழுத்தமானியில் பன்னிரண்டு வருடமாய் ஒரே எண்.
களிமண் தன் தண்ணீரைக் கொடுக்கவில்லை.
கொடுக்காமல் இருக்கப்போவதுமில்லை.

அன்றிரவு கோட்டை அழித்தாள்.
மணல் ஒரே விரிப்பல்ல, இரண்டு திட்டு.
பழைய ஆறொன்று
இங்கே கொஞ்சம் போட்டது, அங்கே கொஞ்சம்,
நடுவே வரவேயில்லை.
மறுபடி கணிக்க விட்டாள். விடியும்வரை
கணினியின் விசிறி இரைந்தது.
முப்பது, எழுபத்தொன்றாயிற்று.

நிலவறையில் ஓகுரி
முனையத்தின் தூண் ஒன்றைத் தூக்கிக்கொண்டிருந்தான்.
ஜாக் முனகும், தூண் ஒரு விரற்கடை எழும்பும்,
இடைவெளியில் எஃகுத் தகடு, ஒன்பது மில்லிமீட்டர்.
நேர்மேலே
ஹனோய் போகும் யாரோ ஒருத்தியின்
காபி தளும்பவில்லை.

"இன்னும் எத்தனை தகடு சொல்லிவைக்கட்டும்?"

எழுபத்தொன்று என்று அவள் சொல்லவில்லை.
அதுவும் ஒரு கோடுதானே,
நடுவே நிறுத்தப்பட்ட கோடு.
"இன்னொரு துளை போடணும்,
பதினான்குக்கும் பதினைந்துக்கும் நடுவே."

"அதற்குள்?"

பதில் வராததால்
மூலையில் அடுக்கியிருந்த தகடுகளை
அவன் எண்ண ஆரம்பித்தான்.
பாதியில் ஒரு விமானம் தரைதொட்ட அதிர்வு.
விட்டுப்போயிற்று.
மறுபடி ஒன்றிலிருந்து.