பதினோரு நிமிடம்

செவ்வாய்தோறும் குலசேகரத்திலிருந்து
இரண்டு பஸ் மாறி ஆசாரிபள்ளம் வருகிறேன்.
ஓ.பி. சீட்டில் மரியசேவியர், வயது நாற்பத்தாறு,
தொழில் என்ற இடத்தில் "பால்வெட்டு" என்று எழுதினாள் ஒருத்தி.
அதற்கு முன் பதினேழு வருடம் பட்டாளம் என்று
நான் திருத்தப் போகவில்லை.

டாக்டர் சுபலா கண்ணை மூடச் சொல்வார்.
நடந்ததை நடக்கிறதாகச் சொல்ல வேண்டும்.
"இருந்தது" என்றால் விரல் உயரும்: "இருக்கிறது."
இலக்கணத்தில் தோற்றவனுக்கு
இந்த வயதில் இப்படி ஒரு வாத்திச்சி.

வண்டி போகிறது. ரோட்டோரம் பனி அழுக்காகக் கிடக்கிறது.
களியக்காவிளை லிஜுமோன் ஆரஞ்சு உரித்து
தோலை மூக்கருகே பிடித்திருக்கிறான்.
கலுங்கு வருகிறது.
பிறகு கலுங்கு இல்லை.

பதினோரு நிமிடம். போனில் பதிந்து தருகிறார்,
வீட்டில் தினம் ஒரு தடவை கேட்கணும்.
சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்றேன்.
சிரிக்காமல் "முன்னாடி" என்றார்.

விடியுமுன் நாலு மணி. நெற்றியில் விளக்கு,
காதில் என் குரல்.
முதல் வாரம் பத்து மரம் தாண்டவில்லை,
கத்தி பட்டையைக் கடந்து தடியில் இறங்கிவிட்டது.
முதலாளி காயத்தைத் தடவிப் பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் போனார்.
ஏசியிருக்கலாம்.

நாலாவது வாரம்தான் கவனித்தேன்:
ஏழாம் நிமிடத்தில், வண்டி மேலே போகிற அதே நொடியில்,
ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒருவன்
"சாயா, சாயா, வடே" என்று போகிறான்.
தினமும் சரியாக அங்கேதான்.
குப்வாராப் புகைக்குள் கையில் தூக்குப்பாத்திரத்தோடு
ஆசாரிபள்ளத்துக்காரன்.
இப்போது கனவிலும் வந்துவிடுகிறான்.
சவத்துப்பய, சில்லறை கேட்கிறான்.

கனவில் நான் கத்தினால் ரெஜினாள் தொடமாட்டாள்.
எட்டி நின்று பெயரைச் சொல்வாள்.
முதல் வருடம் தொட்டாள். அந்த மணிக்கட்டு
மழைநாளில் இன்னும் வலிக்கிறது.
அது எந்தப் போனிலும் இல்லை.

ஆறாவது வாரப் பதிவு வேறாக இருந்தது.
முதலாவதில்: "குளிருது, நீ ஓரத்துக்குப் போ என்கிறேன்."
இதில்: "ஓரத்தைத் தாடே என்று லிஜு கேட்கிறான்."
டாக்டர் எது நிஜம் என்று கேட்கவில்லை.
இரண்டையும் தாளில் எழுதி அடியில் இடம் விட்டார்.

இன்று திரும்பும்போது தக்கலை தாண்டி
பிள்ளையோடு ஒருத்தி: "அண்ணா, ஓரத்தைத் தருவியளா,
குட்டிக்கு சர்தி வருது."
கால் எழவில்லை.
அழகியமண்டபம் வரை அவள் நின்றாள்,
பஸ்ஸே என்னைப் பார்த்தது.
பிறகு எழுந்திருந்தேன். எப்படி என்று தெரியாது.
கம்பியைப் பிடித்துக் கலுங்குகளை எண்ணினேன்.
வேர்கிளம்பிக்குள் பதினாலு. பதினாலும் இருந்தன.
"பின்னால எடம் கெடக்கே, இரியும்" என்றான் கண்டக்டர்.

அவள் பையில் தேடி ஒரு ஆரஞ்சை எடுத்தாள்.
உரித்தாள். சுளையைத் தரவில்லை.
தோலைக் குட்டியின் மூக்கில் வைத்து,
"மோந்துக்க மக்கா, கொமட்டாது" என்றாள்.

திருவட்டாறு எப்போது போனதோ.

குலசேகரம் ஸ்டாண்டில் தூணோரம் நின்று
இரண்டாம் நிமிடத்தை மட்டும் ஓட்டுகிறேன்,
திரும்ப, திரும்ப.
முதல் பதிவிலேயே இருக்கிறது.
மோந்துகொண்டிருக்கிறான்.