வெள்ளை லாட்டு

வீரபாண்டி பிரிவில் பஸ் நிற்பதற்குள்
நாகமணி மறுபடி கூப்பிட்டுவிட்டார்.
"வந்துருச்சுங்ண்ணா."
அம்மை கண்ட வீட்டில் பேசுவதுபோல
குரலைத் தாழ்த்தி.

வைகாசியில் ஒருமுறை.
ஆடி நோம்பிக்கு மறுநாள் ஒருமுறை.
இது மூன்றாவது.
ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாய்ச் சுருங்கி
தொட்டால் ஒரு கறுப்புச் சன்னல்
இமைத்து மூடும்.
உள்ளே இருந்த பில்களைக் காணோம்.

போனமுறை நான் எதையும் மிச்சம் வைக்கவில்லை.
பார்ட்டிஷன் கோடுகளைக்கூட அழித்தேன்.
வழித்த தட்டுபோலக் கிடந்தது வட்டு.
நூறு சதம் என்றது திரை.
நானும் நூறு சதம் என்றேன்.
எண்ணூறு வாங்கிக்கொண்டேன்.

சந்தேகப்பட ஆளா இல்லை?
முதல்முறை, போனுக்குச் சார்ஜ் ஏற்ற
அதில் ஒயரைச் சொருகிய சாம்பிள் பையன்.
இரண்டாம்முறை, பையர் மெயில் என்று
நாகமணி திறந்த ஏதோ ஒன்று.
"நான் தொறக்கவே இல்லீங்" என்றார்.
நான் நம்பாத முகத்தோடு சிரித்தேன்.

இந்தமுறை நெட் ஒயரைப் பிடுங்கி ஆணியில் மாட்டினேன்.
ரவுட்டரின் பாஸ்வேர்டு
வாங்கிய நாளில் இருந்த அதே அட்மின்,
அதையும் மாற்றினேன்.
பென்டிரைவை எடுத்தேன்.
காங்கேயம் காளை பொம்மை தொங்கும்
என் சோற்றுக்கு வழியான பென்டிரைவ்.

அப்போதுதான் கீழே சாயப்பட்டறையில் சத்தம்.
முந்நூறு கிலோ வெள்ளை லாட்டு
ரோஜா நிறத் திட்டுத்திட்டாய் வந்திருக்கிறது.
"மிஷினை நாலு தண்ணி மாத்திக் கழுவுனம்லடா!"
மாஸ்டர் சென்னியப்பன்.
மாதேசு அழுகிறானா சிரிக்கிறானா தெரியவில்லை:
"மிஷின் சுத்தந்தானுங் மாஸ்டர்.
நேத்து மெரூன் கரைச்ச வாளியிலயே
இதுக்கும் மருந்து கரைச்சுட்டனுங்."

காளை பொம்மை
ஓட்டைக்கு ஒரு விரற்கடை தூரத்தில்
ஆடிக்கொண்டிருந்தது.

அதில் என்னென்ன இருக்கிறது?
விண்டோஸ். பிரிண்டர் டிரைவர். தமிழ் எழுத்துரு.
அப்புறம், நாலு வருடம் முன்
காந்திபுரத்தில் ஒருவன் காப்பி பண்ணிக்கொடுத்த
காசில்லாமல் பூட்டுத் திறக்கும் சின்ன ஃபைல்.
என்னை ஓட்டுமுன் ஆன்டிவைரஸை அணைத்துவிடு
என்று அதுவே எழுதிக் காட்டும்.
ஒவ்வொரு வீட்டிலும்
ஒவ்வொரு கம்பெனியிலும்
நான் அணைத்தேன்.

"என்னாச்சுங்ண்ணா?" என்றார் நாகமணி.
"ஒண்ணுமில்லீங்" என்றேன்.
பிறகு, அது பொய்யாகிவிட்டதால்,
"என்றதுதானுங்" என்றேன்.
அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.
திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாயிருந்தது.
பெயில் மார்க் பார்ப்பதுபோலப்
பென்டிரைவைப் பார்த்தார்.

பஸ் ஸ்டாப் கடையில் உறை பிரிக்காத புதுசு ஒன்று,
முந்நூற்றைம்பது, என் காசு.
பிளஸ் ஒன் படிக்கும் அவர் மகளின் லேப்டாப்,
அரசாங்கம் கொடுத்தது,
என் கை இன்னும் படாதது.
அவள் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு
மைக்ரோசாஃப்ட் பக்கத்திலிருந்தே இறக்க
மூன்று மணி நேரம்.
பழைய வட்டிலிருந்து
எக்செல், பில், போட்டோ மட்டும்,
ஒவ்வொன்றாய்ச் சோதித்து.
ஓடுகிற ஃபைல் ஒன்றையும் சேர்க்கவில்லை.
நாகமணி கேட்டும்
அந்த ரம்மி விளையாட்டைக்கூட.
லைசென்ஸ் காசை முதலாளியிடம் கேட்பது அவர் பாடு.
பாங்க் பாஸ்வேர்டை மகளின் போனில் மாற்றினார்,
நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

எண்ணூறு என்று எழுதிய தாளைக் கிழித்தபோது
பில் புக்கில் கார்பன் பிரதி நின்றது.
அதற்குக் கீழே இன்னொன்று. அதற்குக் கீழே.
மங்கலம் பவர்டேபிள்.
சோமனூர்த் தறிக்காரர்.
பல்லடம் ரோடு கோழித்தீவனக் கடை.
அவிநாசியில் ஒரு கல்யாண மண்டபம்.
நாற்பத்தொன்று வரை எண்ணினேன்.

கடைசிப் பஸ் போய்விட்டது.
தெருவிளக்கடியில் நின்று
முதல் நம்பரை அழுத்தினேன்.

"ஏனுங், கம்ப்யூட்டர் எப்படி ஓடுதுங்?"

"உங்க புண்ணியத்துல
நல்லா ஓடுதுங் தம்பி."