பாலத்துக்கு இந்தாண்ட

யானைக்கவுனியில் ஏறினான்.
பேர் கேசாராம். ஊர் பாட்மேருக்கும் அப்பால்,
சொன்னான், என் வாயில் நிற்கவில்லை.
மாதவரத்துக் கன்டெய்னர் யார்டில்
கணக்கெழுத வந்து பதினோரு நாள்.
ஞாயிற்றுக்கிழமை. கையில் போன். போனில் பட்டியல்:
புதிதாய் வருபவர் தவறவிடக் கூடாத இடங்கள்.
ஒரு கடற்கரை, ஒரு கோயில், மறுபடி ஒரு கடற்கரை,
மாமல்லபுரம் வரைக்கும் காற்று வாங்கும் சாலை.

"அதெல்லாம் பாலத்துக்கு அந்தாண்ட.
எங்க பக்கத்துக்கு எவனும் லிஸ்ட் போடல.
அறுநூறு குடு, நான் போடறேன்."
ஐநூற்றைம்பதில் படிந்தது.
பாதித் தமிழ், பாதி இந்தி, மீதி கை.

காசிமேட்டில் ஏலம் முடிந்து
தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.
சைவம் அவன். மூக்கில் கைக்குட்டை.
ஆனாலும் இறங்கிப்போய்
ஐஸ் உடைக்கும் மெஷின் முன் நின்றுவிட்டான்.
கூடையோடு வந்த ஒருத்தி
"ஓரமா நில்லு மாப்ள" என்று இடுப்பால் தள்ளினாள்.
செதில் ஒட்டிய சட்டையை
அவன் தட்டிவிடவே இல்லை.

அப்புறம் எண்ணூர் விரைவுச்சாலை.
வலப்பக்கம் கடல், இடப்பக்கம் டிரெய்லர்,
நடுவில் என் மூன்று சக்கரம்.
கடலை அவன் பார்த்ததில்லை.
கத்துவான், அழுதாலும் அழுவான் என்று
கண்ணாடியை அவன் முகத்துக்குத் திருப்பி வைத்தேன்.
கொட்டிவைத்த கருங்கல்மேல் ஏறி நின்றான்.
"இவ்ளோவும் உப்பா?"
"இவ்ளோவும்."
உச்சுக்கொட்டினான்,
யாரோ நிறைகுடத்தைக் கீழே போட்ட மாதிரி.

எர்ணாவூர் திருப்பத்தில் தண்ணி லாரி.
பச்சை, ஊதா, ஆரஞ்சுக் குடங்கள்.
ஆளுக்குப் பதில் குடம் நிற்கிறது,
குடத்துக்குப் பதில் ஒரு செங்கல், ஒற்றைச் செருப்பு.
"நிறுத்து, நிறுத்து."
இதுக்கா?
அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தான்.
அவன் ஊரில் டிராக்டரில் வருமாம்.
அவன் அம்மா வரிசையில் வளையலைக் கழற்றி வைப்பாளாம்,
எவளும் தொடமாட்டாளாம்.
ஹோஸ் நழுவித் துள்ளியபோது
எனக்கு முன்னால் ஓடிப் பிடித்தது அவன்தான்.
"எந்தத் தெருப்பா நீ?" என்று கேட்டாள்
மூன்றாவது குடத்துக்காரி.

முகத்துவாரம் தாண்டி, அத்திப்பட்டுப் பக்கம்
சாம்பல் குளம்.
காட்டக் கூட்டிப்போகவில்லை,
வண்டியைத் திருப்ப இடம் தேடிப் போனேன்.
இருபத்திரண்டு வருஷமாய் அந்த வழியில்
துப்பட்டாவால் வாயைக் கட்டிக்கொண்டுதான் ஓட்டுகிறேன்.
கண் போகும் மட்டும் காய்ந்து கிடந்தது.
அவன் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தான்.
குந்தி உட்கார்ந்து,
காற்று போட்ட வரிகளை விரலால் தடவி,
ராத்திரிக் காற்று இங்கிருந்து அங்கே
என்று கை காட்டினான்.
சரிதான். என் மாடிக்கொடியில் துணி
அந்தப் பக்கம்தான் கறுக்கும்.

ஒரு பிடி அள்ளினான்.
மணல் என்றால் விரலிடுக்கில் ஓடியிருக்கும்.
இது கையோடு நின்றது.
உதறினான். மறுபடி உதறினான்.
எங்க ஊர் மணல்ல பாம்பு இருக்கு, பல்லி இருக்கு,
மழை பெஞ்சா நாலாம் நாள் புல்லு என்றான்.
"இதுல என்ன இருக்கு?"
"கரண்டு இருந்துச்சு" என்றேன்.

கை கழுவத் தண்ணீர் கேட்டான்.
பாட்டிலை அப்படியே நீட்டினேன்.
மூடியில் ஊற்றி, அந்த ஒரே மூடியில்
இரண்டு கையும் கழுவி முடித்து,
மிச்சத்தைத் திருகித் தந்தான்.
நான் குடிக்கவில்லை, வைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது மணலியில் மாட்டிக்கொண்டோம்.
முன்னால் பின்னால் எல்லாம் டிரெய்லர்.
ஒன்றேகால் மணி நேரம். வேர்க்கடலை வாங்கினான்.
"இதுவும் லிஸ்ட்ல உண்டா அக்கா?"
"இதான்பா முதல்" என்றேன்,
ஹாரனை அழுத்திக்கொண்டே.