இலை வெட்டி முடித்த பிறகு

டவுனில் அந்த மண்டபத்துக்கு இருநூறு நாற்காலி.
ஐப்பசி மழைக்குள் பதினேழு பேர் வந்திருந்தார்கள்.
அதில் நால்வர் என் சொந்தம்,
ஒருவர் மின்விசிறியை அணைக்க வந்தவர்.
தலையாட்ட வேண்டிய இடங்களில் தலையாட்டினார்கள்.
மற்ற இடங்களில் நானும் அவர்களும்
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டோம்.

'கூட்டம் எங்கம்மா போச்சு?' என்றார் செயலாளர்,
நான்தான் ஒளித்து வைத்ததுபோல.
போய்ப் பார்த்தால்தானே தெரியும் என்று
அடுத்த புதன்கிழமை முக்கூடல் பஸ்ஸில் ஏறினேன்.

நடத்துநர் உறையைத் தட்டிப் பார்த்தார்.
'உள்ள ஆள் கீள் இருக்கா?'
'வீணை.'
'அப்ப ஆள்தான்.'
எனக்கு இலவசம்,
வீணைக்கு முழு டிக்கெட்.
பேட்டை தாண்டியபின் ரோடு மோசம்.
பஸ் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம்
நான் தொடாமலே உள்ளே ஒரு தந்தி பேசியது.
முன் சீட்டுக் குழந்தை திரும்பித் திரும்பிப் பார்த்தது.
அதையும் சேர்த்தால் பதினெட்டு.

பீடிக் கடைக்குப் பின்னால் தகரக் கூரை.
நாற்பது மடியில் நாற்பது சுளகு.
கத்தரிக்கோல்கள்
சட்டியில் எள் வெடிக்கிற மாதிரி.
புகையிலைத் தூளுக்கு நான் மூன்று முறை தும்ம,
மூன்று முறையும் 'நூறாயுசு' என்றார்கள்.
அன்றைக்குக் கிடைத்த முதல் வரவேற்பு அது.
சஹானா எடுத்தேன்.
எனக்கே கேட்கவில்லை.

'கொஞ்சம் கையை நிறுத்தினால்...' என்று ஆரம்பித்தேன்.
ஜெபக்கனி நிமிரவில்லை.
'நீங்க நிறுத்துனா கை தட்டுவாக.
நாங்க நிறுத்துனா ஏசுவாக.'

நாம் ஒரே மாதிரிதான் என்று சொல்ல
என் இடது விரல் நுனியின் கறுத்த கோட்டைக் காட்டப் போனேன்.
நூல் அறுத்து அறுத்து
ஓரம் கரைந்துபோன அவள் நகத்தைப் பார்த்தபின்
கையை மடக்கிக்கொண்டேன்.

வாசித்தேன். வேறென்ன செய்ய.
பாதி வழியில், எனக்கு மிக அருகில் இருந்த சொர்ணப்பழம்,
'எக்கா, அந்த எடம்.
வாசல் வரைக்கும் வந்துட்டு
உள்ள வராம நிக்குதே,
அத இன்னொருக்கா.'

கீர்த்தனை கேட்டிருக்கிறார்கள். துக்கடா கேட்டிருக்கிறார்கள்.
கல்யாண வீடுகளில் சினிமாப் பாட்டு கேட்டிருக்கிறார்கள்.
ஓர் இடத்தை யாரும் கேட்டதில்லை.
காந்தாரம், மத்திமம், இறங்கி ரிஷபம்,
மனசு கேட்காமல் மறுபடி காந்தாரம்.
ஒன்பது தடவை வாசித்தேன்.
ஏழாவதில் மூக்கம்மாள் சொன்னாள்:
'இந்தா, உள்ள வந்துட்டு.'
'வரல.'
'வந்துட்டுங்கேன்.'
பாதிக் கூரை இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம்.
கத்தரிக்கோல் வேகம் குறையாமலே சண்டை.

கிளம்பும்போது ஜெபக்கனி எழுந்து வந்தாள்.
'அடுத்த வாரம் பன்னெண்டு மணிக்கு மேல வாங்க.
எல வெட்டுத சோலிய காலையிலயே முடிச்சுப் போடுதோம்.
சுத்துததுக்குச் சத்தம் கெடையாது.'

அதுவரை நான் யோசித்ததெல்லாம்
எப்படி இன்னும் சத்தமாக வாசிப்பது என்றுதான்.
ஒலிபெருக்கி விலைகூட விசாரித்து வைத்திருந்தேன்.

மறுவாரம் முப்பத்தெட்டுப் பேர்.
இருவர் ஆலங்குளத்தில் சடங்கு வீட்டுக்குப் போயிருந்தார்கள்.
தூள் உதிர்வது கேட்டது. நூல் அறுவது கேட்டது.
மந்தர ஸ்தாயியில் நான் மீட்டியது
தகரம் வரை போய், ஆறுதலாக இறங்கி வந்ததைக்
கேட்டோம்.
கண்ணெல்லாம் சுளகில். ஒரு தலை ஆடவில்லை.
கேட்கிறார்களா என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

அந்த இடம் வந்தது.
முப்பத்தெட்டுப் பேர் விரலிலும்
முடிச்சு விழாமல் நூல் ஒரு கணம் நின்றது.
இல்லை, முப்பத்தேழு.
மூக்கம்மாள் முடிந்துகொண்டே சொன்னாள்:
'நான் அன்னைக்கே சொன்னம்லா,
உள்ள வந்துட்டுன்னு.'