நாற்பத்திரண்டு அணில்கள்

சிறுத்தை போட்டால்தான் இனி விலைபோகும் என்று
சொல்லிவிட்டுப் போனான் மொத்த வியாபாரி.
என்னிடம் கிடக்கின்றன
நாற்பத்திரண்டு அணில்கள்,
மஞ்சள் பனியனில், இடது மார்பில்,
வாலைத் தூக்கிக்கொண்டு.

டன்டோக்பா சந்தையில் எனக்கு
இரண்டு முழ இடம்.
பெயர் அஃபியாவி.
கடன் இல்லை என்று பலகை மாட்டியிருக்கிறேன்,
அதை நானே மதிப்பதில்லை.

பெயர் மாற்றம் எங்களுக்குப் புதிதா என்ன?
எழுபத்தைந்தில் நாட்டுக்கே மாற்றினார்கள்.
மைதானச் சுவரில் எழுதுபவர் அப்பா,
எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி.
தஹோமியைச் சுரண்டிவிட்டு
பெனின் என்று எழுதச் சொன்னார்கள்.
பிரெஞ்சில் ஏழெழுத்து போய் ஐந்தெழுத்து.
"புரட்சியில் எனக்கு இரண்டெழுத்து நட்டம்" என்றார்.

பிறகு வெகுகாலம் தோற்றோம்.
தோற்றதை எழுத
அவருக்கு யாரும் கூலி தரவில்லை.

எகிப்துக்குப் போன அந்த வருடம்
ஒரு ஆட்டத்தைக்கூட வெல்லவில்லை.
கானாவோடு சமன்.
கினி-பிசாவோடு சமன்.
கேமரூனோடு சமன்.
மூன்று சில்லறையைச் சேர்த்து
அடுத்த சுற்றுக்குச் சீட்டு வாங்கினோம்.
மொராக்கோவோடும் அதே கதை.
கடைசி மூச்சில் அவர்கள் அடித்த பெனால்டி
கம்பத்தில் பட்டுத் திரும்பியபோது
சந்தையில் கரண்ட் போய்விட்டது.

ஜின்சு தன் மோட்டார் சைக்கிள் பேட்டரியில்
ரேடியோவைக் கட்டினான்.
இருட்டில் விரல் மடக்கி எண்ணினோம்:
எங்களுக்கு நான்கு, அவர்களுக்கு ஒன்று.
அணிலை மரமேறவிட்டு
அண்ணாந்து நிற்கிற நாயின் முகம்
எப்படி இருக்கும்?
நான் பார்க்கவில்லை.
ரேடியோவில் அது வாயடைத்தது மட்டும் கேட்டது.

விடிவதற்குள் சரக்கு தீர்ந்தது.
பேராசையில் இன்னும் நூறு சொல்லியனுப்பினேன்.
மூட்டை வந்து இறங்குவதற்குள்
ஒற்றை கோலில் எங்களை
வீட்டுக்கு அனுப்பிவிட்டது செனகல்.

இப்போது மேலே இருப்பவர்கள் சொல்கிறார்களாம்:
அணில் சின்னப் பிராணி,
கண்டால் யாருக்கும் பயமில்லை.
இருக்கலாம்.
பாக்கி வைத்தவர்களுக்கு
என்னைக் கண்டாலும் பயமில்லை.
கடை நடக்கத்தான் செய்கிறது.

நேற்று ஊசிநூலோடு வந்தான் ஜின்சு.
வாலை இழுத்துவிட்டு
முதுகில் கறுப்புப் புள்ளி வைத்தால்
சிறுத்தைதானே என்றான்.
ஒன்றைத் தைத்துப் பார்த்தோம்.
அம்மை போட்ட அணில்.
சிரித்து முடிக்க வெகுநேரமாயிற்று.
பக்கத்துத் தக்காளிக்காரி
எட்டிப்பார்த்து அவளும் சிரித்தாள்.

அதைத்தான் காலையில் முதலில் எடுத்தான்
ஒரு பையன்.
"இது என்ன மிருகம்?"
"சமன்" என்றேன்.
நூறு பிராங்க் குறைத்துக் கேட்டான்.
கொடுத்துவிட்டேன்.

மீதி நாற்பத்தொன்று.